சம்பந்தி வூட்டு எறா

ரெண்டு மாசமா எங்க வூட்ல ஒரே சாவு. ஆனா ஆளு மட்டும் குறையவே இல்ல… கூடிக்கிட்டே போச்சி.

பயப்படாதீங்க. செத்தது நாங்க இல்ல. எறா.

'எறா செத்தா கொழம்பு வெச்சிட்டுப் போவ வேண்டியதுதானே, இதுக்கு எதுக்குய்யா ஒரு பக்கம் எழுதற?'ன்னு நீங்க கேக்கறது எனக்குக் கேக்குது. வில்லியனூர் பக்கத்துல பொறந்து வளந்த நானும் அப்டிதான் இருந்தேன். எறாவுக்கும் எனக்கும் ஒரே எடத்துலதான் பழக்கம் – தட்டுல. அது உசுரோட இருக்கும்போது எப்டி நடக்கும், எங்க படுக்கும், ஒடம்பு சரியில்லன்னா மூஞ்சி எப்டி இருக்கும்… யார் சார் பாத்தா?

இந்தக் கூத்து போன ஞாயித்துக்கெழமதான் ஒரு முடிவுக்கு வந்துச்சி. என் தல இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. சுத்தறது நிக்கறதுக்குள்ள சொல்லிடறேன். நின்னுட்டா எனக்கே நம்பிக்கை வராது.

எங்க பொண்ணு ஸ்டெல்லாவுக்கு ஒரு எடம் வந்துச்சி. தவளக்குப்பம் சொல்தா அந்துவானோட பையன். சொல்தான்னா நம்ம பக்கத்துல தெரியாதவங்க இல்ல – பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு, பென்ஷனோட ஊருக்குத் திரும்பி, காலைல ரொட்டி, சாயங்காலம் தொப்பின்னு வாழறவங்க. பையன் பிரான்சுவாவுக்கு காரைக்கால்ல வேலை. நல்ல பையன். பேசவே மாட்டான். மருமவனுக்கு இதவிட இன்னா தகுதி வேணும்?

ஆனா ஸ்டெல்லாவுக்கு இது ரெண்டாவது எடம். அத சொல்லியே ஆவணும்.

மொத எடம் கடலூர் பக்கம். நிச்சயம் பண்ணி ஒரு வாரம் கூட ஆவல, மாப்பிள்ளையோட தாத்தா செத்துட்டாரு. தொண்ணூறு தாண்டின மனுஷன். வருஷக்கணக்குல படுத்த படுக்கை. டாக்டரே வர்றத நிறுத்திட்டாரு. ஆனா எங்க பொண்ணு தாம்பூலம் வாங்கின அப்புறம்தான் பெரியவருக்கு சாவறதுக்கு நேரம் கெடச்சிருக்கு. 'பொண்ணு ராசி சரியில்ல'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அவ்ளோதான். ஒரே ஒரு வரி. அந்த வரி கோயில்ல எங்களுக்கு முன்னாடி வந்து பெஞ்சில ஒக்காந்துக்கும். கடையில எங்களுக்கு முன்னாடி கியூவுல நிக்கும். ஸ்டெல்லா டைப்பிங் கிளாஸுக்குப் போனா, பின்னாடியே சைக்கிள்ல வரும். ஆறேழு எடம் எங்க தெரு வரைக்கும் வந்துட்டு, எவன் கிட்டயோ அட்ரஸ் கேட்டு, அப்டியே திரும்பிப் போயிருக்கு.

அப்புறம் வந்த எடம்தான் இந்த சொல்தா வூடு. தேடி வந்து பாத்தாங்க. பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. யாரும் ராசியப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

கேக்காததுதான் எங்களுக்கு ஒதறல். தெரிஞ்சி கேக்கலயா, இன்னும் தெரியவே தெரியாதா?

அதுக்குள்ள தவக்காலம் வந்துடுச்சி. தவக்காலத்துல எங்க சனத்துக்குக் கல்யாணம் கெடையாது. ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல ஓலை வாசிச்சிடலாம்னு பேச்சு. ஓலைன்னா ஒண்ணுமில்ல – இன்னார் மவனுக்கும் இன்னார் மவளுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு பூசையில சாமியாரு சனத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு படிக்கறது. அது வரைக்கும் சும்மா இருக்கற நேரத்துல கண் ஆபரேஷன முடிச்சிக்கிட்டு வந்துடறேன்னு, அந்துவான் பொண்டாட்டியோட பிரான்சுக்குக் கெளம்பினாரு.

கெளம்பறதுக்கு மொத நாள் எங்க வூட்டு வாசல்ல ஒரு டெம்போ வந்து நின்னுச்சி. பின்னாடி ரெண்டு ஆளு தூக்கற மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி. முன் சீட்டுல அந்துவான். மடியில ஒரு தூக்குவாளி. அத அவரு புடிச்சிருந்த அழகப் பாத்தா ஞானஸ்நானத்துக்குக் கொழந்தயத் தூக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சி.

கூடத்துல எங்க ரேடியோ இருந்த மேசை காலி ஆச்சி. ரேடியோ அடுப்பங்கரைக்குப் போச்சி. தொட்டி ஏறிச்சி. அடியில ஆத்து மணலு. நாடா மாதிரி நீளமா ஒரு செடி. ஓரத்துல நம்ம ஏரி வேலம்பாசி. நடுவுல ஒரு மரக்கட்ட, அது மேல பச்சையா வெல்வெட்டு மாதிரி பாசி. தண்ணிய ஊத்தி தெளிஞ்ச அப்புறம் பாத்தா… நெசமா சொல்றேன், ஊசுட்டேரிய யாரோ சின்னதா மடிச்சி எங்க வூட்ல வெச்ச மாதிரி இருந்துச்சி.

அப்புறம் தூக்குவாளியிலேந்து ஒவ்வொருத்தரா எறங்கினாங்க. நெத்தியில வெள்ளிப் பொட்டு வெச்ச வாய்க்கா மீனுங்க கொஞ்சம். மெட்ராஸ்ல வாங்கின கப்பி மீனுங்க கொஞ்சம் – ஒவ்வொண்ணுக்கும் கல்யாண வூட்டுப் பொடவை மாதிரி ஒரு வாலு. கடைசியா எறா. நம்ம கூனி எறாதான். விரல்ல பாதி கூட இல்ல. ஒடம்பு பூரா கண்ணாடி. உள்ள சாப்பாடு போற வழி கூடத் தெரியுது. பாசி மேல ஒக்காந்து ரெண்டு கையாலயும் கிள்ளிக் கிள்ளி தின்னுது… மார்க்கெட்டுல கீரை ஆயற பொம்பளைங்க மாதிரி.

"ஒரு டஜன் இருக்கு சம்பந்தி" ன்னாரு அந்துவான். அப்புறம் என் கையப் புடிச்சிக்கிட்டாரு. "எங்க வூட்டு உசுர எல்லாம் ஒங்க கையில குடுத்துட்டுப் போறேன். திரும்பி வந்து ஒங்க வூட்டு உசுர நா வாங்கிக்கப் போறேன். சரியாப் போச்சா?"

வெளையாட்டாத்தான் சொன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன். என் பொண்டாட்டி ரெஜினாவும் சிரிச்சா. டெம்போ தெரு முனை திரும்பிச்சி. சிரிப்பு நின்னுச்சி.

"இன்னாங்க… இதுல ஒண்ணு செத்துச்சின்னா?" ன்னா ரெஜினா.

ஸ்டெல்லா எழுந்து உள்ள போயிட்டா.

மொத நாலு நாள் நல்லாத்தான் போச்சி. தொட்டிக்குக் காத்து அடிக்க ஒரு குட்டி மோட்டாரு குடுத்திருந்தாரு, கரண்ட்ல ஓடறது. எங்க ஊரு கரண்ட்ட நம்பி அத குடுத்த மனுஷன் பட்டாளத்துல எப்டி உசுரோட திரும்பினாரோ தெரியல. கரண்ட் போனா நா சைக்கிள் பம்ப்ப எடுத்துக்குவேன். ரப்பர் டியூப்ப தண்ணியில வுட்டு, மேசைப் பக்கத்துல நின்னு 'புஸ்… புஸ்…'ன்னு அடிப்பேன். பக்கத்து வூட்டுக்காரரு ஜன்னல்லேந்து பாத்துட்டு கேட்டாரு:

"இன்னா சார், மீனு பஞ்சரா?"

அஞ்சாவது நாள் காலைல காப்பி டம்ளரோட தொட்டிகிட்ட போனேன். மணல்ல ஒரு எறா சாஞ்சி கெடக்குது.

காலு இருக்கு. மீசை இருக்கு. கண்ணு இருக்கு. அசைவு மட்டும் இல்ல. காப்பிய அப்டியே மேசையில வெச்சேன். டீ வடிகட்டியால எடுத்து உள்ளங்கையில வெச்சிப் பாத்தேன். வெயிட்டே இல்ல. நாத்தமும் இல்ல. எறா செத்தா எப்டி நாறும்னு எங்க தெருப் பூனைக்கு நல்லாத் தெரியும். இது… உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி. சதையெல்லாம் எங்க போச்சி? ஒண்ணும் புரியல.

ஆனா ஒண்ணு மட்டும் புரிஞ்சிது. இது ஸ்டெல்லா கண்ணுல படக் கூடாது.

தோட்டத்துல வீசிட்டு, சைக்கிள எடுத்துக்கிட்டு அஞ்சலையத் தேடிப் போனேன். அஞ்சலை எங்க தெருவுக்கு ஏரி மீனு கொண்டாந்து விக்கற அம்மா.

"உசுரோட ஒரு கூனி எறா வேணும் அஞ்சலை."

"எத்தினி படி?"

"படி இல்ல. ஒண்ணு."

அஞ்சலை என்ன மேலயும் கீழயும் பாத்துச்சி. "ஒத்த எறாவ வெச்சிக்கிட்டு இன்னா சார் பண்ணுவ? மோந்து பாப்பியா?"

"குடு. வூட்ல யார் கிட்டயும் சொல்லாத."

"இன்னா சார் நீ… கள்ளு வாங்கிட்டு சொல்லாதன்றான், சரி. எறா வாங்கிட்டு சொல்லாதன்றியே."

கொண்டாந்து தொட்டியில வுட்டேன். கணக்கு சரியாப் போச்சின்னு மூச்சு வுட்டேன். எண்ணிப் பாத்தேன். ஒரு டஜனும் ஒண்ணும் இருந்துச்சி.

ஒண்ணு செத்து, ஒண்ணு வுட்டா… எப்டிங்க ஒண்ணு கூடும்?

எண்ணினதுல தப்பு போலன்னு வுட்டுட்டேன். எறாவ எண்ணிப் பாத்திருக்கீங்களா? ரேஷன் கடை க்யூவையாவது எண்ணிடலாம். இது கட்டைக்கு அடியில போவுது, செடிக்குப் பின்னாடி போவுது, ஒண்ணே ரெண்டு தரம் வந்து நிக்குது. எல்லாம் ஒரே மூஞ்சி.

நாலஞ்சி நாள் கழிச்சி மறுபடியும் ஒரு பொணம். மறுபடியும் அஞ்சலை. எண்ணினா இன்னும் கூடியிருக்கு.

நா வேலை பாக்கற கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல தட்சிணாமூர்த்தின்னு ஒருத்தரு. நெட்டப்பாக்கத்துல கரும்பு போட்டிருக்காரு. அவர் கிட்ட மட்டும் விஷயத்த சொன்னேன்.

"ஓடு அப்டியே இருக்கு, உள்ள சதை இல்லயா? சார், எங்க கரும்பு கூட அப்டிதான். வெளிய பாத்தா ஜம்முனு நிக்கும். தொட்டுப் பாத்தா சாஞ்சிடும். உள்ள எவனோ தின்னுட்டுப் போயிருப்பான். ஒங்க தொட்டியிலயும் ஒருத்தன் இருக்கான்."

"யாரு?"

"அத நீங்கதான் பாக்கணும்."

அன்னிலேந்து நா அந்த கப்பி மீனுங்க மேல கண்ணு வெச்சேன். சாயங்காலம் ஆபீஸ்லேந்து வந்ததும் நாக்காலிய போட்டு ஒக்காந்து முறைக்க வேண்டியது. அதுல ஒண்ணு, ஆரஞ்சு வாலு, என்னப் பாத்ததும் திரும்பிக்கும். சந்தேகம் வருமா வராதா? அத மட்டும் புடிச்சி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தனியா அடைச்சேன். மறுநாளே தொட்டியில இன்னொரு பொணம். கொலைகாரன் ஜெயில்ல இருக்கும்போதே கொலை நடந்தா போலீஸ்காரன் மூஞ்சி எப்டி இருக்கும்? அந்த மூஞ்சிய ஒரு வாரம் நா வெச்சிருந்தேன்.

நடுவுல வெள்ளிக்கெழமைங்க வேற. தவக்கால வெள்ளிக்கெழம எங்க வூட்ல கறி கெடையாது. அதனால இன்னா சமைப்பாங்க? எறா தொக்கு! இந்தப் பக்கம் தட்டு, அந்தப் பக்கம் தொட்டி. தொட்டியில இருக்கறதுங்க கண்ணாடியில மூஞ்ச வெச்சி என்னயே பாக்குது. நா முதுகக் காட்டி ஒக்காந்து சாப்ட்டேன். ஸ்டெல்லா எறாவ தொடறதே இல்ல. "வயிறு சரியில்ல"ன்னு எழுந்துடுவா. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையுமா வயிறு சரியில்லாம போவும்? இதுவும் எனக்குப் புரியல.

ரெஜினாவும் ஒரு மாதிரிதான் இருந்தா. வில்லியனூர் மாதா கோயில் கொளத்துத் தண்ணி ஒரு பாட்டில்ல வூட்ல எப்பவும் இருக்கும், யாருக்காவது காய்ச்சல்னா நெத்தியில வெக்க. அந்த பாட்டில்ல தண்ணி கொறைஞ்சிக்கிட்டே வருது. வூட்ல யாருக்கும் காய்ச்சல் இல்ல.

"ரெஜினா, தொட்டியில எறா கூடிப் போன மாதிரி இல்ல?"

"குட்டி போட்டிருக்கும்."

"குட்டி போட்டா சின்னதாதானே இருக்கும்? எல்லாம் ஆத்தா அப்பன் சைசுல இருக்குதே?"

"கூடினா ஒனக்கு இன்னா? கொறஞ்சாதானே கவலை? கம்முனு இரு."

அவ சொன்னதும் நியாயந்தான். கம்முனு இருந்தேன். ஆனா ராசி சரியில்லன்ற வூட்ல எதாவது ஒண்ணு காரணமே இல்லாம கூடினா, அதுவும் பயமாத்தான் சார் இருக்கு.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஒரு லீவு நாள். மூணு பேரும் வூட்ல இருக்கோம். வாசல்ல அஞ்சலை கூடைய எறக்கிச்சி.

"உசுரோட எறா கொண்டாந்திருக்கேன்! யாருக்கு?"

"எனக்கு இல்ல"ன்னேன்.

"எனக்கு இல்ல"ன்னா ரெஜினா.

"எனக்கு இல்ல"ன்னா ஸ்டெல்லா.

மூணும் ஒரே நேரத்துல. அஞ்சலை இடுப்புல கை வெச்சிக்கிட்டு எங்க மூணு பேரையும் வரிசையா பாத்துச்சி.

"இன்னா சார் இது? நீ வந்து ஒண்ணு வாங்கற, பொண்டாட்டிக்கு சொல்லாதன்ற. இந்தம்மா வந்து ஒண்ணு வாங்குது, வூட்டுக்காரருக்கு சொல்லாதன்னுது. பாப்பா வந்து ஒண்ணு வாங்குது, ரெண்டு பேருக்கும் சொல்லாதன்னுது. ஒங்க வூட்ல இன்னா மூணு அடுப்பா எரியுது?"

அப்புறம் எறாவுக்கு முன்னாடி நாங்க மூணு பேரும் ஒக்காந்து எல்லாத்தையும் ஒப்புக்கிட்டோம். நா காலைல காப்பி நேரத்துல பாப்பேன். அதுக்கு முன்னாடியே ரெஜினா ஜெபம் சொல்ல எழும்போது பாத்துடுவா. சாயங்காலம் டைப்பிங் கிளாஸ்லேந்து வந்ததும் ஸ்டெல்லா. அவங்கவங்க கண்ணுல பட்ட பொணத்த அவங்கவங்க எடுத்துப் போட்டிருக்கோம். அவங்கவங்க ஒண்ணு வாங்கி வுட்டிருக்கோம். மாதா தண்ணிய வேற ரெஜினா தெனம் தொட்டியில ஊத்தியிருக்கா.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்மா"ன்னேன் ஸ்டெல்லா கிட்ட.

"ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்பா நானும்." அவ தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. "ஒவ்வொண்ணா எடுக்கும்போது… அந்த தாத்தா நெனப்புதான் வரும். அவர நா பாத்தது கூட இல்ல பா. இதுங்கள தெனம் பாக்கறேன். அப்ப நெசமாவே என்னாலதான் போலன்னு…"

ரெஜினா முந்தானைய வாயில வெச்சிக்கிட்டா. நா மோட்டாரு சரியா ஓடுதான்னு பாக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். அது நல்லாத்தான் ஓடுச்சி.

ஆனா கொழப்பம் தீந்துச்சான்னா… இல்ல. எங்கேந்து கூடுச்சின்னு தெரிஞ்சிது. சரி. மூணு பேரும் எடுத்துப் போட்ட பொணத்தக் கழிச்சா கணக்கு பழைய டஜனுக்கு வரணும் இல்லயா? வரல! வாங்கி வுட்டது அத்தினியும் மேல நிக்குது. அப்ப செத்தது யாரு? பொணம் இருக்கு, செத்தவன் இல்ல. இந்த மாதிரி கேஸ எந்தக் கோர்ட்டும் எடுத்துக்காது.

ஈஸ்டர் கழிச்சி ஒரு மத்தியானம். ஸ்டெல்லா கத்தினா பாருங்க ஒரு கத்து – "அப்பா! ஓடியா! இது ரெண்டாப் பிரியுது!"

ஓடினேன். ரெஜினா கரண்டியோட ஓடி வந்தா. நாடாச் செடி மேல ஒரு எறா தொங்குது. கழுத்துக்குப் பின்னாடி ஒரு வெடிப்பு. ஒடம்ப ஒரு தரம் மடிச்சிச்சி… ரெண்டு தரம் மடிச்சிச்சி… டபக்குனு ஒரு ஒதறு. பழைய எறா அங்கயே தொங்குது. அதுக்குள்ளேந்து புது எறா ஒண்ணு பின்னாடி எகிறி வுழுந்து, வெக்கப்பட்ட மாதிரி கட்டைக்கு அடியில ஓடி ஒளிஞ்சிக்கிச்சி. தொங்கறது நாங்க தெனம் எடுத்துப் போட்ட அதே பொணம். காலு, மீசை, கண்ணு எல்லாம் இருக்கு. உள்ள ஆள் இல்ல.

சட்ட கழட்டுது சார்! வளரும்போது சட்ட பத்தல, கழட்டிப் போடுது. அவ்ளோதான்.

பொறந்ததுலேந்து எறா ஓட்ட உரிச்சவங்க நாங்க. அது தானே உரிச்சிக்கும்னு ஒருத்தருக்கும் தெரியல. எப்டித் தெரியும்? எங்க வூட்டுக்கு வந்த எந்த எறாவுக்கும் வளர்றதுக்கு நாங்க டயம் குடுத்ததில்லயே.

"யாருமே சாவல பா"ன்னா ஸ்டெல்லா. கண்ணாடில நெத்தி முட்ட நின்னுக்கிட்டு, திரும்பத் திரும்ப அதையே சொன்னா. "இத்தினி நாளா யாருமே சாவல." அன்னிக்கு ராத்திரி ரெண்டு தட்டு சோறு சாப்ட்டா.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்தா, வாசல்ல அந்துவானும் அவரு பொண்டாட்டி மதலேனம்மாவும். பிரான்ஸ்லேந்து வந்து ரெண்டு நாள்தான் ஆச்சாம். அந்துவான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. நேரா தொட்டிகிட்ட போய் குனிஞ்சாரு. கண்ணாடிய கழட்டினாரு. தொடச்சாரு. மறுபடியும் மாட்டினாரு.

"சம்பந்தி… எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஆபரேஷன்ல எதோ கோளாறு பண்ணிட்டாங்க போல."

மனுஷன் கலங்கிட்டாரு. அதுக்கு மேல எப்டி மறைக்கறது? எல்லாத்தையும் சொல்லிட்டேன். ராசி விஷயம் மட்டும் சொல்லல. அவரு சிரிச்ச சிரிப்புல மேசை ஆடி, கப்பி மீனுங்க எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சி.

"சட்ட கழட்டறத சாவுன்னு நெனச்சீங்களா! என் கிட்ட வந்து மூணு வருஷம் ஆச்சி சம்பந்தி. ஒண்ணு கூட செத்ததில்ல. ஒண்ணு கூட!"

மதலேனம்மா கையில இருந்த காப்பி டம்ளரு 'டங்'குன்னு மேசையில எறங்கிச்சி.

தொட்டிய எடுத்துக்கிட்டுப் போவ டெம்போ வந்துச்சி. டிரைவர் கிட்ட பேச அந்துவான் வாசலுக்குப் போனாரு. நா தூக்குவாளியப் புடிச்சிக்கிட்டேன். ஸ்டெல்லா சின்ன வலையால ஒவ்வொண்ணா அள்ளி வுட்டா. ரெஜினா செடிய எடுத்தா. கடைசியா மதலேனம்மா மரக்கட்டைய தூக்கினாங்க.

அடியில ஒண்ணு கெடந்துச்சி.

கண்ணாடியா இல்ல. வெளுத்து, லேசா சிவந்து, வளைஞ்சி… அந்தக் கலர எங்களுக்கு நல்லாத் தெரியும். வாழ்நாள் பூரா தட்டுல பாத்த கலரு. இந்தத் தடவ யாருக்கும் சந்தேகமே இல்ல.

இது சட்ட இல்ல. இது ஆளு.

ஸ்டெல்லா உள்ளங்கையில அது கெடக்குது. மதலேனம்மா சடக்குனு அவ கைய மூடினாங்க.

"குடு. முந்தானையில முடிஞ்சிக்கறேன். அவருக்குத் தெரிய வேணாம்." கொரல எறக்கிக்கிட்டாங்க. "ஒண்ணு கூட செத்ததில்லன்றாரே… அதெல்லாம் செத்துக்கிட்டுதாம்மா இருக்கு. நாந்தான் எடுத்துப் போட்டுட்டு, வாய்க்கால்லேந்து புதுசு புடிச்சாந்து வுடறேன். தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இனிமே நீ வந்து பாத்துக்க."

அந்த வூட்லயும் இதே வேலைதானா! நாங்க பயந்தது அவங்களுக்கு. அவங்க பயந்தது அவருக்கு. அவரு யாருக்கு பயந்து சிரிச்சிக்கிட்டு இருந்தாரோ.

வாசல்ல செருப்பு சத்தம். அந்துவான் உள்ள வர்றாரு. ரெஜினா ஒதட்ட மட்டும் அசைச்சா – வேணாம் ஸ்டெல்லா, வேணாம். நானும் கண்ணாலயே அதத்தான் சொன்னேன். ஈஸ்டர் முடிஞ்சிடுச்சி. கோயில்ல ஓலை குடுக்க வேண்டிய நேரம். இப்ப போயி, இந்த வூட்ல, இவ கையில ஒரு சாவு.

ஸ்டெல்லா மதலேனம்மா கையிலேந்து தன் கைய மெதுவா எடுத்துக்கிட்டா. ரெண்டடி முன்னாடி போனா. கையத் தொறந்து காட்டினா.

"மாமா. இது செத்துப் போச்சி. சட்ட இல்ல, நெசமாவே செத்துப் போச்சி. எங்க வூட்ல இருக்கும்போதுதான் செத்துச்சி." கைய இன்னும் கிட்ட நீட்டினா. "ஆனா நா ஒண்ணும் பண்ணல மாமா."

கூடத்துல மோட்டாரு சத்தம் கூட இல்ல. அத ஏற்கெனவே கழட்டி வெச்சாச்சி.

அந்துவான் கறுப்புக் கண்ணாடிய கழட்டினாரு. அவ உள்ளங்கைகிட்ட குனிஞ்சி பாத்தாரு. விரலால ஒரு தரம் திருப்பினாரு.

"ஆமா. செத்துத்தான் போயிருக்கு."

கண்ணாடிய மறுபடியும் மாட்டிக்கிட்டாரு.

"வயசாயிருக்கும் மா" ன்னாரு. "நீ இன்னா பண்ணுவ?"

"ஒங்களுக்கு வருத்தமா இல்லயா மாமா?"

"அட நீ ஒண்ணு. அல்ஜேரியா சண்டையில நா பாக்காத சாவா? கொல்லையில எதாவது செடி இருந்தா அதுக்கு அடியில போடு. நல்லா பூக்கும்."

சொல்லிட்டு நாக்காலியில ஒக்காந்துட்டாரு. மதலேனம்மா மூஞ்சிய நீங்க பாக்கணுமே! மூணு வருஷமா பொடவைய தூக்கிச் சொருவிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கின பொம்பள. அவங்க என்னப் பாத்தாங்க. நா தூக்குவாளியப் பாத்தேன்.

"ஓலை வர்ற ஞாயித்துக்கெழமையே குடுத்துடலாம் சம்பந்தி" ன்னாரு அந்துவான். "அது இருக்கட்டும்… இந்தக் காப்பி ஆறிப் போச்சி. சூடா வேற இருக்கா?"

ரெண்டு மாசமா எது நடந்துடக் கூடாதுன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம சைக்கிள்ல ஓடினோமோ, அது நடந்துச்சி. நடந்ததும் மனுஷன் காப்பி கேக்கறாரு. ரெஜினா அடுப்பங்கரைக்கு ஓடினா. ஸ்டெல்லா கொல்லைக்குப் போனா… நிமிந்து நடந்து போனா. யாரு யாருக்காக யார் கிட்ட எத மறைச்சோம்னு நா இன்னும் கூட்டிக்கிட்டே இருக்கேன். எந்தப் பக்கத்துலேந்து கூட்டினாலும் விடை வரல.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது, சந்தோஷந்தான். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன் – நாங்க பயந்த பயத்துக்கு ஒரு மரியாதை வேணாமா சார்?